ஆணியில் தொங்கிய கம்பளித் துண்டு

கோத்தகிரிக்குக் கீழே, தைலம் காய்ச்சும் கொட்டகை ஒன்றில் செலின் என்றொருத்தி இருந்தாள். படிப்பு பத்தாவதுதான். ஆனாலும் ஊரே அவளை வாத்தியாரம்மா என்று கூப்பிட்டது. எந்தத் தைலத்தோடு எது சேரும், எது முறைத்துக்கொள்ளும் என்று அவள் மூக்கு சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. வயது முப்பத்தெட்டு.

அவளிடம் பாடம் கேட்க வந்தவள் ராக்கம்மாள். வயது ஐம்பத்தாறு. சிரிக்காதீர்கள், கற்றுக்கொள்ள வருகிறவர் சின்ன வயதாகத்தான் இருக்க வேண்டும் என்று எவன் சொன்னான்? செலின் அவளை அக்கா என்றாள். அவள் செலினை வாத்தியாரம்மா என்றாள். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

தொழில் கற்றுக்கொள்ள வந்தேன் என்று ராக்கம்மாள் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதியை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அவள் புருஷன் பழனியாண்டி எஸ்டேட்டில் மரக்கிளை கழிக்கப் போய், மேலேயிருந்து விழுந்து ஆறு வருஷம் படுக்கையில் கிடந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, முதுகெல்லாம் புண். அள்ளிப் போட்டது, துடைத்தது, புண்ணுக்கு மருந்து வைத்தது எல்லாம் ராக்கம்மாளின் கைதான். ஒரு நாள்கூட அவள் முகம் சுளித்ததில்லை.

அவர் போய்ச் சேர்ந்த பதினாறாம் நாள் பந்தியில் சோறு பரிமாறிக்கொண்டு வந்தாள். நாத்தனார் சட்டென்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அடுப்புப் புகையாகக்கூட இருந்திருக்கலாம், யார் கண்டது? ஆனால் அன்றிலிருந்து ராக்கம்மாளுக்குத் தன் கை நாறியது.

எலுமிச்சைத் தோல், புளி, சாம்பல், டெட்டால் என்று தேய்க்காத பொருளில்லை. கை வெடித்ததுதான் மிச்சம். இதற்கிடையில் மகள் கௌசல்யாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிஞ்சு உடம்பில் இந்தக் கை படலாமா என்று ராக்கம்மாள் ஒரு தடவைகூடத் தூக்கவில்லை. காரணத்தைச் சொல்லவும் வாய் வரவில்லை. பெண்ணாகப் பிறந்துவிட்டதே என்றுதான் அம்மா தொட மாட்டேன் என்கிறாள் என மகள் நினைத்துக்கொண்டாள்.

கொட்டகைக்கு வந்த முதல் நாளே ராக்கம்மாள் கேட்டுவிட்டாள்.

"எல்லா வாடையையும் அடக்கிடற தைலம் எது வாத்தியாரம்மா?"

"அப்படி ஒண்ணு இல்லக்கா."

"வெட்டிவேர்?"

"அது அடியிலயே கிடக்கும். மேல வர்றதை அடக்காது."

"எலுமிச்சைப்புல்?"

"வந்த வேகத்துல ஓடிடும். ஒண்ணை அடக்கணும்னு இன்னொண்ணை ஊத்தினா, ரெண்டும் சேர்ந்துதான் நாறும்."

அதோடு பேச்சு முடிந்தது. தொழிலுக்காகக் கேட்கிறாள் என்றே செலின் நினைத்தாள்.

தைலம் கலக்கும் அறைக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வரக் கூடாது. பவுடர் கூடாது, தலையில் பூ கூடாது. வெறும் வெந்நீரில் கை கழுவிக்கொண்டு வர வேண்டும். உள்ளே வந்துவிட்டால் பேச்சும் கூடாது. ஆக, ராக்கம்மாளின் கடைசித் துணையான டெட்டாலும் போயிற்று. கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதல் வாரத்திலேயே அது தொடங்கியது. செலின் மூன்று நான்கு புட்டிகளை அடுத்தடுத்து முகர்ந்து பார்ப்பாள். பிறகு, தலையைத் தூக்காமலே சொல்வாள்.

"கையக் குடுங்கக்கா."

ராக்கம்மாளின் மணிக்கட்டைப் பிடித்து, உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோய், ஆழமாக ஒரு மூச்சு இழுப்பாள். விட்டுவிட்டு மறுபடி புட்டிக்குப் போவாள். ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள்.

ராக்கம்மாள் பயந்துவிட்டாள். கண்டுபிடித்துவிட்டாள், நாற்றம் போய்விட்டதா இல்லையா என்று தினமும் பார்க்கிறாள், நான் வயதில் பெரியவள் என்பதால் முகத்துக்கு நேரே சொல்லாமல் விடுகிறாள் என்று நினைத்தாள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, பன்னிரண்டு தடவை அந்த நினைப்பு வந்துபோகும். எதற்காக முகர்கிறீர்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடுமே! அந்தப் பயத்தில் ஐந்து மாதம் கையை நீட்டிக்கொண்டே இருந்தாள்.

பாடம் என்னவோ நன்றாகவே ஏறியது. சளிக்கு யூகலிப்டஸை எவ்வளவு சேர்த்தால் கண் எரியாது, சூட்டு உடம்புக்கு வெட்டிவேரோடு எதைச் சேர்க்கலாம், வீரியமான தைலத்தை எண்ணெயில் கலக்காமல் தோலில் வைத்தால் என்ன ஆகும், எல்லாம் அத்துப்படி.

குழந்தைக்கு ஏழு மாதம் ஆனபோது காரமடையிலிருந்து மகள் போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி பஸ்ஸில் வருகிறேன் என்றாள். கொட்டகை வாசலிலேயே இறங்குகிறேன், இந்தத் தடவையும் நீ பிள்ளையைத் தூக்கவில்லையென்றால் இனி உன் வாசப்படி ஏற மாட்டேன் என்றும் சொன்னாள். குரல் கோபமாகக்கூட இல்லை. அதுதான் ராக்கம்மாளைக் கலக்கியது.

அந்த ஞாயிறும் வேலை இருந்தது. பிள்ளை பெற்ற பெண்களுக்கு முதுகில் தேய்க்கும் தைலம் அன்று சாயங்காலத்துக்குள் போயாக வேண்டும். செலின் மாதா கோவிலில் காலைப் பூசைக்குப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் ராக்கம்மாள் மரிக்கொழுந்துத் தைலப் புட்டியைத் திறந்தாள். சொட்டுக் கணக்கில் விடுகிற சரக்கு அது. உள்ளங்கையில் கவிழ்த்து, இரண்டு கையிலும் மணிக்கட்டு வரைக்கும் அரக்கித் தேய்த்தாள். வெடிப்பிலெல்லாம் நெருப்பாக எரிந்தது. எரியட்டும், மணம் வந்தால் போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். தனக்கு நன்றாகத் தெரிந்ததையே மறந்துவிட்டாளே, பாவம்.

கொட்டகை முழுக்கத் தைல வாடைதான், அதில் இந்த மணம் தனியாகத் தெரியவில்லை. செலின் வந்து உட்கார்ந்து, புட்டிகளை வரிசையாக முகர்ந்துவிட்டு வழக்கம்போலக் கை நீட்டினாள்.

"கையக் குடுங்கக்கா."

மூக்கருகே கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்னக்கா இது? இன்னிக்கு உங்க கை இந்த அடி அடிக்குது?"

ராக்கம்மாள் உடைந்துபோனாள். அறைக்குள் பேசக் கூடாது என்பதெல்லாம் மறந்துவிட்டது. புருஷனின் ஆறு வருஷம், நாத்தனாரின் முந்தானை, தொடாத பேத்தி, பதினோரு மணி பஸ், எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். கடைசியில் சொன்னாள்.

"உங்களுக்கு முதல் நாளே தெரியும். தெரிஞ்சுதானே தினமும் மோந்து மோந்து பாத்தீங்க."

செலின் புட்டியை மூடி ஓரமாக வைத்தாள். சிவந்து தடித்திருந்த கைகளைப் பார்த்தாள். எழுந்து போய்த் தேங்காய் எண்ணெய் எடுத்து வந்து, அக்காவின் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, விரல் விரலாகத் தடவித் துணியால் வழித்தாள். தைலம் தண்ணீருக்கு அசையாது, எண்ணெயைத்தான் அது நம்பிக் கூடவே வரும். நாலு தடவை அப்படி வழித்தெடுத்து, பிறகு கடலை மாவு போட்டுக் கழுவிவிட்டாள். அவசரப்படவே இல்லை. ராக்கம்மாளின் அழுகை ஓய்ந்தது.

அப்புறம் செலின் சுவர்ப் பக்கம் போனாள். அங்கே ஆணியில் ஒரு பழைய கம்பளித் துண்டு தொங்கிக்கொண்டிருக்கும். ராக்கம்மாள் வந்த நாளிலிருந்து அது அங்கேயேதான் கிடந்தது, தொட்டவர் இல்லை. அதை எடுத்து வெளியே போய் உதறினாள். தூசி கிளம்பியது. உள்ளே வந்து உட்கார்ந்து, அதை மூக்கில் வைத்து ஒரு மூச்சு இழுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தாள்.

ராக்கம்மாள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது எதுக்கு வாத்தியாரம்மா?"

"நாலு புட்டி மோந்தா மூக்கு மரத்துப்போகும்க்கா. வாடையே இல்லாத ஒண்ணை மோந்தாத்தான் பழையபடி திரும்பும். என் கையில இருபது வருஷத் தைலம் ஊறிக் கிடக்கு, அது ஆகாது. அதான் இது."

"நான் வந்ததுல இருந்து இதை நீங்க எடுத்ததே இல்லையே?"

"நீங்க வந்தப்புறம் இது எதுக்கு? உங்க கைதான் இருந்துச்சே. இதுலயாவது கொஞ்சம் ஆட்டு வாடை வரும்."

சொல்லிவிட்டு அடுத்த புட்டியைத் திறந்தாள்.

ராக்கம்மாள் தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள். முகர்ந்து பார்க்கவில்லை.

கீழே வளைவில் பஸ் ஹாரன் அடித்தது. சற்று நேரத்தில் கௌசல்யா வாசலில் வந்து நின்றாள். குழந்தையைத் தோளோடு இறுக்கிப் பிடித்திருந்தாள். கிட்டே வரவில்லை.

ராக்கம்மாள் எழுந்தாள். வாசலுக்குப் போகிற வழியில் என்ன சொல்வதென்று தெரியாமல் திரும்பிப் பார்த்து, மத்தியானம் வேலைக்கு வரட்டுமா என்று கேட்டாள்.

செலின் புட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வேண்டாம். மக இருக்குற வரைக்கும் இந்தப் பக்கமே வராதீங்க. புள்ளையத் தூக்கின கை பால் வாடை அடிக்கும், எனக்கு ஒத்துவராது. அதுவரைக்கும் இந்த ஆட்டு வாடையோட சமாளிச்சுக்கறேன்."