வலது சக்கரத்துக்குக் கட்டை

“சாமி, நான் கொடுத்த வாக்கை எனக்கே திருப்பிக் கொடுத்துடுங்க” என்றார் மாசிலாமணி.

தாண்டவசாமி மடத்துக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

“கேக்க நாள் பார்த்தீங்களே” என்றார், திரும்பாமலே.

மாசிலாமணிக்கு வயது அறுபத்தொன்று. குரு தாண்டவசாமிக்கு முப்பத்தெட்டு. மகன் வயசுக்காரனைப் போய் குரு என்று கும்பிடுகிறாரே என்று ஊரில் கேலி பேசினார்கள். மாசிலாமணி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முப்பத்திரண்டு வருஷம் தபால்காரராக இருந்தவர் அவர். கடிதம் வாங்குகிறவர்கள் கொண்டுவந்தவனின் வயதைக் கேட்பதில்லை.

“ஆறு வருஷம் ஆச்சு சாமி. இனி என்னால ஆகாது. நாளைக்குக் காலையில ஊர்க்கூட்டம். பாலம் வராதுன்னு சொல்லிடப் போறேன். அதுக்கு முன்னாடி உங்க வாயால ஒரு வார்த்தை வேணும்.”

பாலம் என்றால் பெரிய பாலம் ஒன்றுமில்லை. நடந்து போக ஒரு பாலம். ஓடைக்கு இந்தப் பக்கம் அவருடைய ஊர், அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். மழைக்காலத்தில் பிள்ளைகளைத் தோளில் தூக்கித்தான் கரை சேர்க்க வேண்டும்.

ஆறு வருஷத்துக்கு முன் ஓர் ஐப்பசியில், பவளம் என்ற ஏழு வயதுப் பெண்ணைத் தோளில் வைத்துக்கொண்டு மாசிலாமணி ஓடையில் இறங்கினார். நடு ஓடையில் கால் வழுக்கியது. தண்ணீர் இருவரையும் வெகுதூரம் இழுத்துப்போய் ஒரு தாழம்புதரில் விட்டது.

உயிர் தப்பியது. ஆனால் பவளம் அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை. ஓடைச் சத்தம் கேட்டாலே அலறினாள்.

அந்த வாரமே மாசிலாமணி இந்த மடத்துக்கு வந்தார். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்து, பாலம் கட்டாமல் ஓயமாட்டேன் என்று சத்தியம் செய்தார்.

“மலையில கல் எடுக்கக் கூடாதுன்னாங்க. சரின்னு வெளியூர்ல இருந்து கொண்டுவந்தோம். தூண் எழுப்பினோம், வெள்ளம் வந்து தள்ளிட்டுப் போச்சு. மறுபடி எழுப்பினோம். மறுபடியும் போச்சு.”

மாசிலாமணிக்கு மூச்சு வாங்கியது.

“அதையெல்லாம்கூடத் தாங்கிக்கிட்டேன். இப்போ என் மச்சான் சங்கிலி, கூடப்பிறந்தவளோட புருஷனாச்சேன்னுகூடப் பார்க்காம, பாலத்துப் படி தன் தோப்புல இறங்கக் கூடாதுன்னு கோர்ட்டுல தடை வாங்கிட்டான். திரும்புன பக்கமெல்லாம் முட்டுக்கட்டை சாமி. ஒரு மனுஷன் எத்தனையைத்தான் தாண்டுவான்?”

குரு சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

“எனக்கும் இன்னைக்கு முட்டுக்கட்டை வேலைதான். தேர் கிளம்பிடும். வாங்க.”

தாண்டவசாமி பிறந்தது தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிற குடும்பத்தில். துறவு பூண்ட பிறகும் அவர் அந்த வேலையை விடவில்லை. வருஷத்தில் ஒரு நாள் மடத்தைப் பூட்டிவிட்டு, காவியை மடித்துக் கட்டிக்கொண்டு சக்கரத்தோரம் போய் நின்றுவிடுவார். முன்னால் வந்து வடம் பிடியுங்கள் என்று ஊர்ப் பெரியவர்கள் கூப்பிட்டால் சிரித்து மழுப்பிவிடுவார்.

“நான் என் கஷ்டத்தைச் சொல்ல வந்தேன் சாமி.”

“கேட்டேனே. கை பலமா இருக்கா உங்களுக்கு?”

“கையா?”

“வீரணனுக்குக் காய்ச்சல். சக்கரத்துக்கு ஒரு ஆள் குறையுது.”

மாசிலாமணிக்குக் கோபம் வந்தது. நாலு மணி நேரம் பஸ்ஸில் வந்து மனசைக் கொட்டினால், இந்த மனுஷர் கட்டை தூக்க ஆள் தேடுகிறார்.

ஆனாலும் பின்னாலேயே போனார். ஆறு வருஷத்துப் பழக்கம் விடவில்லை.

கீழவீதியில் எள் போட்டால் எள் விழாது. நடுவில் தேர் நின்றது. சக்கரமே மாசிலாமணியின் தலைக்குமேல் உயரம்.

குரு அவர் கையில் ஒரு கட்டையைக் கொடுத்தார். புளியமரத்தில் செய்தது. முன்பக்கம் சரிவு, பின்பக்கம் பிடிக்க நீளமாய் ஒரு காம்பு. தபால் பை தூக்கிய தோளுக்கே அது கனத்தது.

“நான் ‘போடு’ன்னா சக்கரத்துக்கு முன்னாடி போடணும். ‘எடு’ன்னா இழுத்துடணும். வேலையில மரியாதை பார்க்க முடியாது. கோவிச்சுக்காதீங்க.”

“எதுக்குப் போடணும், எதுக்கு எடுக்கணும்?”

“அதை அப்புறம் பேசுவோம். காலைச் சக்கரத்துக்குக் கொடுத்துடாதீங்க.”

தேர் கிளம்பியது. கிளம்பிய வேகத்திலேயே நின்றும்விட்டது. தண்ணீர்க் குழாய் பதித்து அரைகுறையாய் மூடியிருந்த பள்ளத்தில் இடது சக்கரம் இறங்கிவிட்டது.

ஒரு மணி நேரம். வடம் பிடித்தவர்களுக்குக் கை தோலுரிந்தது. பின்னால் நெம்புதடி போட்டவர்கள் தொண்டை வறளக் கத்தினார்கள். தேர் அசையவில்லை.

“பார்த்தீங்களா சாமி? என் பாலமும் இப்படித்தான்.”

“கட்டையைக் கீழ வைக்காதீங்க” என்றார் குரு.

உச்சி வெயிலில், யாரும் எதிர்பாராத ஒரு நொடியில், சக்கரம் பள்ளத்தைவிட்டு ஏறியது.

கூட்டம் ஓவென்று கத்தியது. மாசிலாமணியும் கத்தினார். தேர் ஓட ஆரம்பித்தது. மணிகள் எல்லாம் ஒரே சமயத்தில் குலுங்கின. ஆறு வருஷமாக அவர் கண்முன்னால் எதுவுமே அப்படி நகர்ந்ததில்லை. சந்தோஷத்தில் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. கட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு சக்கரத்தோடு சக்கரமாக ஓடினார்.

வீதியின் மூலை வந்தது.

“போடு!” என்றார் குரு.

மாசிலாமணி போடவில்லை.

“போடு! வலது சக்கரத்துக்குப் போடு!”

மாசிலாமணி கட்டையைப் பார்த்தார். ஓடுகிற தேரைப் பார்த்தார். கை நீளவில்லை.

தேர் நேராகப் போனது. எதிரே டீக்கடை. கடையின் கீற்றுக் கொட்டகை தேரின் நெற்றியில் மாட்டிக்கொண்டு படபடவென்று பிய்ந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் டம்ளரோடு நாலாபக்கமும் சிதறினார்கள். குரு பாய்ந்து தன் கட்டையைச் சக்கரத்துக்கு முன்னால் செருகினார். தேர் உறுமிக்கொண்டு நின்றது. சாக்கடைக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது.

யாருக்கும் அடியில்லை. அது அந்த ஊர் செய்த புண்ணியம்.

அப்புறம் மாசிலாமணிக்குக் கிடைத்த அர்ச்சனையை முழுதாக எழுத முடியாது. நாகரிகமாக இருந்தது ஒன்றுதான்.

“யோவ் பெரியவரே, தேர் என்ன உங்க மாமியார் வீட்டுக்கா போகுது? மூலை வந்தா கட்டை போட மாட்டீரா?”

மாசிலாமணி தலை நிமிரவில்லை. முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு கடிதத்தைக்கூட விலாசம் மாற்றிக் கொடுத்ததில்லை அவர்.

குரு அருகில் வந்து உட்கார்ந்தார். முழங்கையில் சிராய்ப்பு.

“ஏன் போடல?”

“நல்லா ஓடிட்டிருந்துச்சு சாமி. அவ்வளவு நேரம் கழிச்சு இப்போதான் நகர்ந்துச்சு. அதைப் போய்த் தடுக்க மனசு வரல.”

“நல்லாத்தான் ஓடிச்சு” என்றார் குரு. “டீக்கடைக்குள்ள.”

மாசிலாமணிக்குச் சிரிப்பு வரவில்லை.

நெம்புதடி போட்டுத் தேரைப் பின்னுக்குத் தள்ளி, மூலையில் நிறுத்த இன்னும் ஒரு மணி நேரம் ஆனது. குரு கட்டையை எடுத்து மறுபடியும் மாசிலாமணியின் கையிலேயே வைத்தார்.

“வேண்டாம் சாமி. வேற யார்கிட்டயாவது கொடுங்க.”

“வீரணனுக்கு இன்னும் காய்ச்சல் விடல.”

“நான் ஊருக்கே போயிடுறேன்.”

“தேர் வழியை அடைச்சுக்கிட்டு நிக்குது. பஸ் வராது.”

மாசிலாமணி கட்டையைப் பிடித்துக்கொண்டு வலது சக்கரத்தோரம் போய் நின்றார்.

வடம் முறுக்கேறியது. சக்கரம் அசைந்தது.

“போடு!”

போட்டார்.

சக்கரம் கட்டையில் ஏறப் பார்த்து, முனகி, நின்றது. காம்பு வழியாக அந்த அதிர்ச்சி அவர் தோள்வரைக்கும் வந்தது. அவ்வளவு பெரிய தேர் அவர் கையடியில் நின்றுவிட்டது. ஐயோ, நிறுத்திவிட்டோமே என்றுதான் முதலில் பதறினார்.

ஆனால் வடம் பிடித்தவர்கள் விடவில்லை. இன்னும் வேகமாக இழுத்தார்கள்.

வலது சக்கரம் நின்ற இடத்திலேயே நிற்க, இடது சக்கரம் மெல்ல உருண்டு சுற்றி வந்தது. மாசிலாமணி அண்ணாந்து பார்த்தார். தேர் திரும்பிக்கொண்டிருந்தது. தேருக்குள் டீக்கடையைப் பார்த்திருந்த சாமியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாய் விலகித் தெற்குவீதியைப் பார்த்தது. அங்கே காலையிலிருந்து காத்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கை தூக்கினார்கள்.

“எடு!”

அவர் எடுக்கவில்லை. இந்த முறை வேண்டுமென்று இல்லை. காது கேட்கவில்லை.

“எடுங்க தபால்காரரே!”

இழுத்தார். தேர் புது வீதியில் இறங்கியது.

அதற்குப் பிறகு மாசிலாமணி கட்டையோடு கூடவே நடந்தார். தெற்குவீதியில் இரண்டு இடத்தில் போட்டார். மேலவீதி மூலையில் குரு சொல்வதற்கு முன்பே போட்டார். வடக்குவீதியில் வாழைப்பழம் கொடுத்தார்கள். வாயில் வைத்துக்கொண்டே போட்டார்.

வெயில் தாழ்ந்தபோது தேர் நிலைக்கு வந்தது.

கூட்டம் கலைந்தது. குருவும் சீடரும் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். இருவர் கையிலும் முழங்கைவரை சக்கரத்து மை. குரு ஒரு கந்தல் துணியைக் கிழித்துப் பாதியைக் கொடுத்தார். இருவரும் கை துடைத்தார்கள்.

“காலையில உங்களை இழுத்துட்டு வந்துட்டேன்” என்றார் குரு. “சொல்லுங்க. நாளைக்குக் கூட்டத்துல என்ன பேசப்போறீங்க?”

மாசிலாமணி ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். எல்லா விரலையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து மறுபடியும் துடைத்தார்.

“சாமி.”

“ம்.”

“என் மச்சான் தோப்புக்கு மேல, ஓடையோரமாவே அரை மைல் போனா ரெண்டு பாறை இருக்கு. எதிரும் புதிருமா.”

“சரி.”

“ஓடை அங்க ரொம்பக் குறுகிப் போயிடும். தண்ணி ஆழத்துல கிடக்கும். மேல நின்னா சத்தம்கூட வராது.”

“யாரோட இடம்?”

“புறம்போக்கு. யாரும் தடை வாங்க முடியாது.”

“ஆறு வருஷமா அது அங்கேயேதான் இருந்துச்சா?”

மாசிலாமணி குனிந்துகொண்டார்.

“தபால் போற வழி அது இல்ல சாமி. என் கால் அந்தப் பக்கம் போனதே இல்ல.”

குரு துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“பிள்ளைங்களுக்குச் சுத்து வழியாச்சே?”

“ஏற அரை மைல், இறங்க அரை மைல் சுத்துதான். நடக்கட்டும். நானும் கூட நடக்கிறேன்.”

“வெள்ளம் மறுபடியும் தூணைத் தள்ளினா?”

மாசிலாமணி பதில் சொல்ல வாயெடுத்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று அவருக்கே தெரியவில்லை.

“பாறைக்குப் பாறை நாலு பனைமரம் போட்டாப் போதும்” என்றார். “அங்க தூணே வேண்டாம் சாமி.”