இடது காலுக்கு வேலை இல்லாத வண்டி

"சாமி, இந்த வண்டிக்குக் கியர் வெச்சுப்போடலாமுங்க."

பொங்கியண்ணன் இதைச் சொன்னபோது மடத்துச் சாமியின் நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம் இருந்தது.

வீக்கத்துக்குக் காரணம் பொங்கியண்ணனின் இடது கால்.

வாலிபம் முழுக்க லாரியில் கிளட்ச் மிதித்த கால் அது. லாரியை விட்டு மடத்துக்கு வந்த பிறகும் பழைய ஜீப்பில் அதே வேலையைத்தான் பார்த்தது. போன மாதம் திருப்பூர் அன்பர் ஒருவர் மடத்துக்குப் புதுக் கார் வாங்கிக் கொடுத்தார். கியர் தானாகவே மாறிக்கொள்ளும் வண்டி. கிளட்ச் கிடையாது. வலது கால் ஒன்று போதும், இடது கால் சும்மா கிடக்க வேண்டியதுதான்.

சும்மா கிடக்கத்தான் அதற்குத் தெரியவில்லை.

முந்தின நாள் மடத்து வாசலில் ஒரு நாய் குறுக்கே ஓடியது. இறங்கப் போகிறோமே என்று சாமி அப்போதுதான் பெல்ட்டைக் கழற்றியிருந்தார். இடது கால் கிளட்சைத் தேடிப் போய், பலகை மாதிரி அகலமாக இருந்த பிரேக்கை ஓங்கி மிதித்துவிட்டது. வண்டி ஆணி அடித்தாற்போல் நின்றது. நாய் பிழைத்தது. சாமி முன்கண்ணாடியில் முட்டிக்கொண்டார்.

அன்று சாயங்காலமே நிர்வாகி இரத்தினசபாபதி வாயைத் திறந்துவிட்டார். இந்த மாதிரி வண்டி பழகின வேறு ஆளைப் பார்க்கலாம் என்று.

பொங்கியண்ணனுக்குப் பாடல் ஒன்றும் தெரியாது. தியானத்தில் உட்கார வைத்தால் குறட்டை விடுவார். சாமிக்குப் பக்கத்தில் அவருக்கென்று இருந்த ஒரே இடம் அந்த ஓட்டுநர் இருக்கை. அதுவும் போய்விட்டால் அவர் எந்த முகத்தோடு மடத்தில் சாப்பிடுவார்?

"வண்டியில என்னங்க கோளாறு?" என்று கேட்டார் சாமி. பொங்கியண்ணன் வயதில் மூத்தவர் என்பதற்காக வந்த மரியாதை இல்லை அது. கன்றுக்குட்டியைக்கூட சாமி 'வாங்க' என்றுதான் கூப்பிடுவார்.

"வண்டியில ஒண்ணுமில்லீங்க சாமி. என்ற கால்லதான் கோளாறு."

"அப்புறம் எதுக்கு வண்டியை மாத்தோணும்?"

"காலை மாத்த முடியாதுங்களே."

சாமி வீக்கத்தைத் தடவிக்கொண்டார்.

"சரி. வண்டியையே மாத்திருங்க."

கெஞ்ச வேண்டியிருக்கும் என்று பொங்கியண்ணன் ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் வீணாய்ப் போனது. இவ்வளவு சுலபமாகச் சரி என்கிற ஆள் இல்லையே இவர்!

பொள்ளாச்சியில் மைதீனின் பட்டறைக்கு வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார்.

"செய்யலாமுங்கண்ணே" என்றார் மைதீன். "இதே மாதிரி வண்டி எங்காச்சும் அடிபட்டுக் கிடந்தா, அதோட கியர் பெட்டியைக் கழட்டி இதுல மாட்டலாம். கிளட்ச் பெடலும் வெச்சுரலாம். ஆனா இந்த வண்டியோட மூளை ஒத்துக்காது."

"மூளையா?"

"உள்ள ஒரு கம்ப்யூட்டர் இருக்குதுங்க. அது பழைய பெட்டியவே தேடிட்டிருக்கும். வண்டி எந்தக் கியர்லயும் விழாம நியூட்ரல்ல நிக்குதுன்னு சேதி வந்தாத்தான் ஸ்டார்ட் ஆகவே விடும். அதனால ஒரு ஒயரைச் சேர்த்துவிட்டு, எப்பவும் நியூட்ரல்லயே இருக்கறதா அதை நம்ப வெச்சுருவோம்."

"ஓடறப்பவுமா?"

"ஓடறப்பவுந்தான். நீங்க நூறுல பறப்பீங்க. அது நிக்கிறோம்னே நினைச்சுட்டு வரும்."

பொங்கியண்ணன் திரும்பி வந்து இதை அப்படியே சாமியிடம் ஒப்பித்தார். சாமி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஒயர் விஷயத்தை மட்டும் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.

"அந்த மைதீன் யாருகிட்ட உபதேசம் வாங்கினாருன்னு கேட்டீங்களா?"

"அவங்க மாமன்கிட்டத்தானுங்க தொழில் பழகினாரு."

சாமி மறுபடி சிரித்தார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று பொங்கியண்ணனுக்கு விளங்கவில்லை.

"பெட்டி கிடைக்கிற வரைக்கும் வண்டியை யாருங்க ஓட்டறது?" என்று பயந்துகொண்டே கேட்டார்.

"நீங்கதான்."

"அப்ப என்ற காலு?"

சாமி எழுந்து வண்டிக்குப் போனார். ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தார். தன் மரக்கட்டைச் செருப்பைக் கழற்றினார். பிரேக்குக்கு இடது பக்கம் சும்மா கால் வைத்துக்கொள்ள ஒரு சின்ன மேடை இருக்கிறதல்லவா, அதன்மேல் இரண்டையும் வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். அசைத்துப் பார்த்தார். அசையவில்லை.

"ஐயோ சாமி! தெரியாம மிதிச்சுட்டா?"

"மிதிக்காதீங்க."

அவ்வளவுதான். வெறுங்காலோடு உள்ளே போய்விட்டார்.

பொங்கியண்ணன் இருக்கையில் உட்கார்ந்தார். இடது காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மேடையில் சாமியின் செருப்பு. அதைத் தாண்டிப் பிரேக்குக்குப் போவதென்றால் செருப்புக்கு மேலே காலைத் தூக்க வேண்டும். குருபூசையன்று பூப்போட்டு, ஊரே விழுந்து கும்பிடுகிற செருப்பு அது. அதற்கு மேலே காலைத் தூக்குவதைவிட வண்டியைப் புளியமரத்தில் விடுவது மேல்.

கடைசியில் காலைப் பின்னால் மடக்கி இருக்கையோடு ஒட்ட வைத்துக்கொண்டார். முதலில் கால் மரத்துப்போய் நடக்கவே திண்டாடினார். பிறகு மரத்துப்போவதும் நின்றுவிட்டது.

வழியில் ஆடுகள் வந்தன. முன்னால் போகிற பஸ்கள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றன. சாமியின் நெற்றிக்கு எதுவும் ஆகவில்லை. வீக்கம் வற்றியது. இரத்தினசபாபதி வேறு ஆளைப் பற்றிய பேச்சை எடுக்கவில்லை. விட்டுவிட்டார் என்றும் சொல்ல முடியாது.

பொங்கியண்ணனுக்குத்தான் மண்டை குடைந்தது. கியர் வைக்கச் சொன்னார். செருப்பையும் கட்டினார். இதில் எது சாமியின் வார்த்தை?

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டே விட்டார். "சாமி, நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னே புரியலீங்க."

"நான் ஒண்ணும் சொல்லலீங்களே. ரோட்டைப் பாருங்க."

சித்திரை வந்தது. ஒரு மத்தியானம், தார் ரோட்டில் நின்றிருந்த சாமி வண்டியில் ஏறும்போது ஒரு கணம் முகத்தைச் சுளித்தார். காலைத் தூக்கி உள்ளே வைத்தபோது பொங்கியண்ணன் பார்த்தார். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம்.

இத்தனை நாளாக இது நம் கண்ணில் படவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டார். கண் கலங்கி ரோடு தெரியவில்லை.

"வேற செருப்பு வாங்கிப் போட்டிருக்கலாமுங்களே சாமி!"

"எனக்குத்தான் செருப்பு இருக்குதே" என்றார் சாமி. "வண்டியில."

அதன் பிறகு பொங்கியண்ணன் மைதீனை நச்சரித்து எடுத்துவிட்டார். போன் மேல் போன். ஒருவழியாகப் பெட்டி வந்து சேர்ந்துவிட்டது என்று தகவல் வந்த காலையில், ஓடிப்போய்க் கயிற்றை அவிழ்த்தார். கட்டைச் செருப்பைத் தன் துண்டால் துடைத்தார். கொண்டுபோய்ச் சாமியின் காலடியில் வைத்து விழுந்து கும்பிட்டார்.

"இன்னைக்கு வண்டியைப் பட்டறையில விட்டுரலாமுங்க. இனி என்ற இடது காலுக்கும் வேலை வந்துரும். நீங்க செருப்பைப் போட்டுக்கோங்க சாமி."

சாமி போட்டுக்கொண்டார்.

"நானும் வர்றேன். அந்தப் பெட்டியைப் பார்க்கோணும்."

வழி நெடுக பொங்கியண்ணன்தான் பேசிக்கொண்டு வந்தார். மலைப்பாதையில் இரண்டாவது கியரில் ஏறுகிற சுகம் பற்றி, கிளட்சை விடுகிற பதம் பற்றி. பொள்ளாச்சிச் சந்தை முனையில், தேங்காய் ஏற்றிய டெம்போ ஒன்று முன்னால் சட்டென்று நின்றது. வலது கால் பிரேக்கில் அழுந்தியது. கார் ஒரு முழம் இடைவெளியில் அலுங்காமல் நின்றது. டெம்போக்காரனைத் திட்டிவிட்டு, பொங்கியண்ணன் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்.

சாமி குனிந்து அவர் காலைப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

பட்டறை வாசலில் வண்டி நின்றதும் சாமி இறங்கி நேராக உள்ளே போனார். மைதீன் வந்து ஓட்டுநர் கதவைத் திறந்துவிட்டார்.

"இறங்குங்கண்ணே. அதென்ன, இடது காலைக் கோழி மாதிரி மடக்கி வெச்சுட்டு உக்காந்திருக்கீங்க?"

"அட, நீ வேற" என்றார் பொங்கியண்ணன். "அங்க சாமியோட செருப்பு இருக்குதப்பா."

மைதீன் குனிந்து பார்த்தார். வெறும் மேடைதான் இருந்தது.

பொங்கியண்ணனும் குனிந்து பார்த்தார்.

உள்ளே, கீழே இறக்கி வைத்திருந்த கியர் பெட்டியைச் சுற்றிச் சாமி நடக்கிற சத்தம் கேட்டது. டக், டக், டக்.