எந்தக் காயைக் கிள்ளுவது?

“ரெண்டாம் பரிசு சார் போறார், பாரு.”

காய்கறிக் கண்காட்சியில், முதுகுக்குப் பின்னாலிருந்து இந்தப் பேச்சு ஞானாபரணத்தின் காதில் விழுந்தது.

“பாவம்டி. செசிலிகிட்ட ஒரு வார்த்தை கேட்டா அடுத்த வருஷமே முதல் பரிசு.”

“எந்த முகத்தோட கேப்பார்?”

அவர் திரும்புவதற்குள் இரண்டு பெண்களும் முட்டைகோஸ் பக்கம் நகர்ந்துவிட்டார்கள்.

இரண்டாம் பரிசு அவருக்குப் புதிதல்ல. வீட்டுத் தோட்டப் பிரிவில், ரெட்டை நிறப் பெரிய தக்காளிக்கு, நான்கு வருடமாக அதுதான். கடைசியாகச் சொன்னதுதான் விளங்கவில்லை. அவர் முகத்துக்கு என்ன?

முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். விடை தெரியாததை அப்படியே விட்டுவிட்டுப் போகிற பழக்கமில்லை.

அந்தப் பிரிவில் முதல் பரிசு வாங்கிய செசிலி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தையல் கடை வைத்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். கடையின் கொல்லையில் நாலு தக்காளிச் செடி. செடிக்கு ஒரே ஒரு பழம்.

“வாங்க சார்.” ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

“என்னைத் தெரியுமா?”

“உங்ககிட்டதான் சார் பத்தாவது படிச்சேன்.”

அவருக்கு ஞாபகம் வரவில்லை. எத்தனையோ பிள்ளைகள்.

வந்த விஷயத்தைச் சொன்னார். அவள் ஒரு பழத்தைப் பறித்து வந்தாள். இரண்டு கையாலும் தாங்க வேண்டியிருந்தது. தோல் மஞ்சள், அடியில் மட்டும் லேசான சிவப்பு. வெட்டினால், மஞ்சள் சதைக்குள் சிவப்பு மை கொட்டியது போலப் பரவிக் கிடந்தது. ஒரு துண்டை அவருக்குக் கொடுத்தாள். விதையை வழித்துக் காகிதத்தில் காயவைத்தாள்.

“உரம் எவ்வளவு? கிராம்ல சொல்லும்மா.”

“நீங்க போடுறதே போதும் சார்.”

“பின்னே?”

“செடிக்கு ஒரு காயை விட்டுட்டு மத்ததைக் கிள்ளிடணும்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

அவள் கொடுத்த விதை அவர் கொல்லையில் முளைத்தது. செடி இடுப்புயரம் வந்தது. ஒரு குலையை மட்டும் விட்டு, பிந்தி வந்த பூக்களையெல்லாம் அவர் தயங்காமல் கிள்ளினார். அந்தக் குலையில் ஆறு காய் பிடித்தது. ஆறும் எலுமிச்சை அளவு. ஆறும் பச்சை.

அங்கேதான் கை நின்றது.

“எதை விடுறது?” என்று கடைக்கு வந்து கேட்டார்.

“எதை வேணும்னாலும் விடுங்க சார்.”

“எதுல சிவப்பு நல்லா ஏறும்?”

“இப்ப எல்லாமே பச்சை. எப்படித் தெரியும்?”

அவளிடமே அளவு நாடாவை இரவல் வாங்கிப் போனார். மறுநாள் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார்.

“மூணாவது காய்தான் பெரிசு. கடைசிக் காய் சின்னது.”

“சரி சார். மூணாவதை விட்டுடுங்க.”

“நாளைக்கும் ஒரு தடவை அளந்துடுறேன்.”

மறுநாள் அளந்ததில் கடைசிக் காய் இரண்டாவதாக வந்திருந்தது. அதற்கு அடுத்த நாள் மூன்றாவது காய் நான்காவதானது. ஞானாபரணம் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவரே அளந்தது, அவரே எழுதியது.

“நீ எப்படித்தான் கிள்ளுவே?” என்று மறுபடி கடைக்கு வந்து கேட்டார்.

“கண்ணை மூடிக்குவேன்.”

“விளையாடாதே.”

“நிஜமா சார். பார்த்துட்டா எனக்குக் கை வராது.” ஜாக்கெட்டின் ஓரத்தை மடித்து ஊசிக்கடியில் வைத்தாள். “இன்னிக்கே கிள்ளிடுங்க. தள்ளிப்போட்டா எதுவுமே பெரிசாகாது. முதல் பரிசும் போயிடும்.”

அவர் எழுந்தார். தையல் மெஷின் ஓடவில்லை.

“நான் ஒண்ணு கேக்கட்டுமா சார்? ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருந்தேன்.”

“கேளு.”

“பள்ளிக்கூடம் நூறு சதவீதம் காட்டணும்னு எங்க மூணு பேரைப் பத்தாவது பரீட்சை எழுத விடாம நிறுத்தினீங்க. நான், பாக்கியம், லாசர். அந்த மூணு பேர்னு எப்படி சார் முடிவு பண்ணீங்க?”

குரலில் கோபம் இல்லை. உரம் எத்தனை கிராம் என்று அவர் கேட்டாரே, அந்தக் குரல்தான்.

“அரையாண்டு மார்க்கை வச்சு...”

“எனக்கு முப்பத்திநாலு. லாசருக்கு முப்பத்தொண்ணு. முப்பது வாங்கின ரெண்டு பேரு எழுதினாங்களே சார்.”

ஞானாபரணம் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தார். அந்த வருடம் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மேடை, கைதட்டல், தலைமையாசிரியர் தூக்கிக் காட்டிய கேடயம். அந்த மூன்று பேருடைய முகத்தை வெகுநேரம் தேடிப் பார்த்தார். எதிரில் இருப்பவளின் முகம்கூட அதில் கிடைக்கவில்லை.

“மத்த ரெண்டு பேரும் இப்ப எங்கே இருக்காங்க?”

“லாசர் லாரி ஓட்டுறான். பாக்கியத்தை அந்த வருஷமே கட்டிக் கொடுத்துட்டாங்க. எங்கேன்னு தெரியலை.”

வெளியே ஒரு பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியது.

“பரவாயில்லை சார். சும்மாத்தான் கேட்டேன்” என்றாள். மெஷின் ஓடத் தொடங்கியது.

வீட்டில் அவர் மனைவி எஸ்தர் கொல்லைக் கதவைத் திறந்துவிட்டாள். நாலு நாளாக இந்த அளவெடுப்பைப் பார்த்து அலுத்துப் போயிருந்தாள்.

“செசிலி சொல்லிட்டாளா? எதைக் கிள்ளப்போறீங்க?”

“பழைய வேட்டி ஒண்ணு இருந்தா எடுத்துட்டு வா.”

“வேட்டி எதுக்கு?”

அவர் வேட்டியை வாங்கி, பல்லால் ஓரத்தைக் கடித்து, நீளநீளமாகக் கிழித்தார். செடியைச் சுற்றிக் கழிகளை ஊன்றினார். பிறகு மண்ணில் மண்டியிட்டு, ஒவ்வொரு காயாகக் கையில் தாங்கிப் பார்த்து, ஆறுக்கும் தனித்தனியாகத் தொட்டில் கட்டினார்.