முதுகுக்குப் பின்னால் மூன்று பேஸ்

சாஃப்ட்பால் ஆட்டத்தில் அம்பயர்கள் இரண்டு பேர். ஒருவர் முகமூடி போட்டுக்கொண்டு கேட்சருக்குப் பின்னால் நிற்பார். இன்னொருவர், ஓடுகிறவர்கள் ஒவ்வொன்றாகத் தொடவேண்டிய பேஸ்களின் பக்கம் நிற்பார். பந்து வேலிப் பக்கம் பறந்தால் இவர் "போறேன்" என்று சத்தம் கொடுத்துவிட்டு, பிடித்தார்களா விட்டார்களா என்று பார்க்க அதன் பின்னால் ஓடவேண்டும். அந்த நொடியிலிருந்து பேஸ்கள் எல்லாம் முகமூடிக்காரர் பொறுப்பு.

சுயம்புக்கனிக்குச் சத்தம் கொடுக்க வரும். நாற்பத்தேழு வயதிலும் ஓட வரும். கழுத்துதான் சொன்ன பேச்சு கேட்கவில்லை. பாதி தூரத்தில் ஒருமுறை திரும்பிவிடும்.

அவளுக்குக் கற்றுக்கொடுத்த, இந்தப் போட்டியில் முகமூடி போட்டு நிற்கும் ஜெபராணி டீச்சர் அவளைவிடப் பத்து வயது இளையவள்.

"அக்கா, பந்து முன்னாலல்லா போகுது. பின்னால என்ன பாக்கீங்க?"

"நீங்க வந்துட்டீங்களான்னு."

"வருவேன்."

"போன வருஷம் கூட நின்னவரும் அப்படித்தான் சொன்னாரு. நான் ஓடிட்டேன். அவரு நட்ட கம்பா நின்னாரு. ஒருத்தி பேஸைத் தொடாமலே ஓடிட்டா. ஏச்சு எனக்கு. நம்புங்கன்னு மட்டும் சொல்லாதீங்க டீச்சர். நீங்க வருவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

டீச்சர் காலில் கட்டும் காப்பின் வாரை இழுத்து மாட்டினாள்.

மறுநாள் இறுதி ஆட்டம். ஒரு புகார் வந்தாலும் கனிக்கு இனி அம்பயர் சட்டை கிடையாது என்று சங்கத்தில் முன்பே சொல்லியிருந்தார்கள்.

போட்டி நடத்தும் கல்லூரி ஒரு ரன் முன்னால் இருந்தது. எதிரணிக்குக் கடைசி அவுட் மிச்சம்; அதுவும் போனால் கல்லூரிக்கு வெற்றி. இரண்டு பேர் பேஸில் நின்றார்கள். அடித்த பந்து வேலிக்குப் பறந்தது.

"போறேன்."

கழுத்து அரித்தது. கனி பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பாமல் ஓடினாள். கல்லூரிப் பெண் பாய்ந்து விழுந்து, கையுறையில் பந்தோடு எழுந்தாள். கனி இரண்டு கைகளையும் விரித்தாள். பந்தைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

பேஸில் இருந்த இருவரும் ஓடி முடித்து இரண்டு ரன் எடுத்திருந்தார்கள்; அடித்தவளும் முதல் பேஸைத் தொட்டிருந்தாள். கல்லூரி தோற்றது.

போட்டிச் செயலாளர் பந்தலிலிருந்து இறங்கி வந்தார்.

"டீச்சர், பிடிச்சதை ஊரே பாத்துச்சு. நீங்க மூத்த அம்பயர், மாத்திச் சொல்லுங்க."

"நான் பாக்கல."

"முகம் அங்கதான இருந்துச்சு?"

"கண்ணு பேஸ்ல இருந்துச்சு. மூணு பேரும் ஒழுங்காத் தொட்டாங்க. அதைக் கேளுங்க, சொல்றேன்."

அவர் கனியிடம் திரும்பினார். "சந்தேகம்னு சொன்னாப் போதும்மா."

"சந்தேகம் இல்ல சார். பந்து தரையில பட்டுத்தான் கைக்குப் போச்சு. தெறிச்ச மண்ணையும் பாத்தேன்."

"அடுத்த வருஷம் ரெண்டு பேரும் இந்த கிரவுண்டுல கால் வைக்க முடியாது."

"அப்போ இந்த வருஷத்தை ஒழுங்கா முடிப்போம்," என்றாள் டீச்சர். "ஸ்கோரை எழுதச் சொல்லுங்க."

குழாயடியில் டீச்சர் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். கனிக்கு மனசு ஆறவில்லை.

"என் கழுத்து உங்களுக்குத் தெரியும். இன்னைக்கும் திரும்பியிருந்தேன்னா? பந்தைப் பாக்காமலே கையை விரிச்சிருந்தேன்னா? எந்தத் தைரியத்துல அவருகிட்ட அப்படி நின்னீங்க? நான் திரும்புறேனான்னு ஒரு தடவையாவது பாத்தீங்களா?"

டீச்சர் குழாயை மூடினாள்.

"பாத்திருந்தா, அந்த மூணு பேரு காலையும் யாரு அக்கா பாத்திருப்பா?"