உபதேசியாருக்கு வராத ஜெபம்

"எனக்கு ஜெபம் வரமாட்டேங்குதும்மா," என்றார் தாசையா.

எப்சிபா அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

செம்மணல் மேடான தேரிக்காட்டு ஓரத்தில் ஓடு வேய்ந்த சின்ன ஜெபவீடு அது. அதை நடத்திவந்த எப்சிபா அம்மாவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அதிகம் பேச மாட்டார். ஆனாலும் மனம் கலங்கியவர்கள் அவரைத் தேடித்தான் வந்தார்கள்.

தாசையா முப்பது வருஷமாக ஊர்ச் சபையில் ஜெபம் நடத்தும் உபதேசியார். சாவு வீடோ கல்யாண வீடோ, அவர் கண்ணை மூடி வாயைத் திறந்தால் கூட்டம் அசையாது. அப்பேர்ப்பட்டவர், இரண்டு பஸ் மாறி வந்து, ஜெபம் வரவில்லை என்கிறார்.

"என்ன விஷயம் ஐயா?"

"மக வெளிநாட்டுல நர்ஸா இருக்கா. அங்க சண்டை மூண்டுட்டு. பதினோரு நாளா போன் இல்ல. உயிரோட இருக்காளான்னே தெரியல."

"சரி, ஜெபிங்க. நானும் கூட இருக்கேன்."

தாசையா முழங்காலிட்டார். குரல் தானாகவே கணீரென்று எழும்பியது.

"சர்வ வல்லமையும் மகா கிருபையும் நிறைந்த எங்கள் பரலோகப் பிதாவே, தேவரீருடைய சமுகத்தில் பாத்திரமற்ற அடியேன்..."

கால் மணி நேரம் போயிற்று. முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தார்.

"யாருக்காக ஜெபிச்சீங்க?"

"மகளுக்காகத்தான்."

"பேரு வரலியே."

தாசையாவின் முகம் சுருங்கிவிட்டது. மறுபடியும் கண்ணை மூடினார்.

"உமது அடியாளாகிய பியூலாவை உமது பலத்த கரத்துக்குள் மறைத்தருளும்..."

"வீட்டுலயும் பியூலான்னுதான் கூப்பிடுவீங்களா?"

"இல்ல. பாப்பான்னு."

அந்த ஒரு சொல்லுக்கே கணீர்க் குரல் இறங்கிவிட்டது. சமாளித்துக்கொண்டார்.

"அதெல்லாம் வீட்டுப் பேச்சும்மா. தேவ சமுகத்துல அப்படியா பேசுறது?"

எப்சிபா அம்மா எழுந்து போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவருக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார்.

வெளியே காற்று மணலை வாரிச் சன்னலில் இறைத்தது.

"பாப்பா கடைசியா பேசினப்போ என்ன சொன்னா?"

தாசையா சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துரட்டுமாப்பான்னு கேட்டாம்மா. குண்டுச் சத்தம் கேக்குது, பயமா இருக்குன்னா."

"நீங்க?"

"ஜெபம் பண்ணினேன். போன்லயே. அருமையான ஜெபம்." கொஞ்சம் நிறுத்தினார். "அவ வேற ஒண்ணும் கேக்கல. சரிப்பான்னா. வச்சிட்டா."

செம்பை எடுத்தவர், குடிக்காமலே கீழே வைத்தார்.

"வந்துரு தாயீன்னு ஒரு வார்த்தை சொல்லலியேம்மா நான். ஊருக்கெல்லாம் விசுவாசம் பேசுற உபதேசியார் மகளே பயந்து ஓடி வந்துட்டான்னு பேசுவாங்களேன்னு பாத்தேன். எம் பேரு போயிருமேன்னு எம் புள்ளைய அங்கயே விட்டுட்டேன். உமக்குத் தெரியும்லா? நீரு பாத்துக்கிட்டுத்தான இருந்தீரு? என்னைய என்ன வேணாலும் செஞ்சுக்கிடும். எனக்கு அவ குரலைக் கேக்கணும். ஒரே ஒரு தடவை. அப்பான்னு கூப்பிட்டா போதும், திட்டினாக்கூடப் போதும். சாப்பிட்டாளோ, தூங்கினாளோ. எங்க ஒளிஞ்சு கிடக்காளோ. எம் பாப்பா இருக்காளா இல்லியான்னு தெரியாம மூச்சு விட முடியலியே, ஏசுவே..."

தன் முகம் எப்போது எப்சிபா அம்மாவை விட்டுத் திரும்பியது என்று அவருக்கே தெரியாது. நெற்றி தரையில் பட, பெருங்குரலெடுத்து அழுதார்.

அழுகை ஓய நேரமாயிற்று.

மெல்ல நிமிர்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். வெட்கமாக இருந்தது.

"மன்னிச்சிருங்கம்மா. ஜெபிக்க வந்த இடத்துல என்னென்னமோ உளறிட்டேன். இருங்க, இப்ப முறையா ஆரம்பிக்கேன்."

மறுபடியும் முழங்காலிட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

எப்சிபா அம்மாவின் கண்களும் ஈரமாக இருந்தன.

"ஆமென் மட்டுந்தான் ஐயா பாக்கி," என்றார்.