விளக்குச் சக்கரம் நூறு வருஷம் நிற்குமா?

பறக்கும் தேர் எந்தக் காலத்தில் இருந்தது, யார் பார்த்தார்கள் என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். இந்தக் கதையில் இருந்தது. கோடைமலை நாட்டு ராஜா வச்சிரபாகுவிடம் அப்படி நான்கு வானத்தேர்கள் இருந்தன.

மேலே போவது சுலபம். இறங்குவதுதான் தலைவலி. மலைநாடு அல்லவா, வருஷத்தில் பாதி நாள் பனிமூட்டம். தரை எது, பாறை எது என்று தேரோட்டிக்குத் தெரியாது. அதனால் தேர் இறங்கும் திடலைச் சுற்றி எட்டுப் பேர் நின்று கொம்பு ஊதுவார்கள். அந்தச் சத்தத்தை வைத்துத் தேர் இறங்கும்.

மந்திரி பூவராகருக்கு இது ஒரே வெட்கம். காலம் எங்கேயோ போய்விட்டது, நாம் இன்னும் கொம்பு ஊதிக்கொண்டிருக்கிறோமே என்று ராஜாவை நச்சரித்தார். கடல் தாண்டி ஒரு யவனத் தச்சனை வரவழைத்தார். திடல் நடுவே கோபுரம் எழுந்தது. உச்சியில் வெண்கலச் சக்கரம், அதில் பெரிய விளக்கு, விளக்குக்குப் பின்னால் கண்ணாடி. ஓடைத் தண்ணீர் தள்ளச் சக்கரம் சுற்றும். வெளிச்சம் பனியைக் கிழித்துக்கொண்டு நாலாபக்கமும் சுற்றிவரும். எங்கே வெளிச்சம் சுற்றுகிறதோ அங்கே இறங்க வேண்டும், அவ்வளவுதான். கொம்புக்காரர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். யவனனும் கப்பலேறிவிட்டான்.

ஆறு மாதம் ஓடியது. ராஜாவுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. சபையின் விகடகவி அம்பலக்கூத்தனைக் கூப்பிட்டு, சக்கரத்தைச் சோதித்துப் பார், நூறு வருஷம் நிற்குமா நிற்காதா என்று மூன்று நாளில் ஓலை எழுதிக் கொடு என்றார். எழுதியது பொய்யானால் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போக வேண்டியதுதான். இந்த யோசனையும் பூவராகர் கொடுத்ததுதான். நிற்காது என்று எழுதினால் ராஜா கோபப்படுவார். நிற்கும் என்று எழுதினால் என்றைக்காவது மாட்டிக்கொள்வான். கூத்தனின் வாயால் பல தடவை அவமானப்பட்ட மனுஷர், அவரையும் குற்றம் சொல்ல முடியாது.

கூத்தன் மூச்சு வாங்கக் கோபுரத்தில் ஏறினான். சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் 'கிறீச்' என்று முனகியது. இதற்கு எண்ணெய் போடுவது யார் என்று காவலாளியிடம் கேட்டான். போட வேண்டுமா என்று அவன் திருப்பிக் கேட்டான். பழுது பார்க்கத் தெரிந்த ஆள்? யவனன். அவன் எங்கே? நடுக்கடலில்.

சபையில் கூத்தன் நேராகவே சொல்லிப் பார்த்தான். எண்ணெய் போட ஓர் ஆள், பழுது பார்க்க நம் ஊரிலேயே பழகிய ஒரு தச்சன், விளக்கு அணைந்தால் கைகொடுக்கப் பழைய கொம்புக்காரர்கள், இத்தனையும் இல்லாமல் இது தேறாது என்றான்.

"புதுச் சக்கரத்துக்கு எண்ணெயா? புது மாப்பிள்ளைக்கு நீர் கைத்தடி வாங்கித் தருவீர் போலிருக்கிறதே" என்றார் பூவராகர்.

சபை சிரித்தது. ராஜாவும் விழுந்து விழுந்து சிரித்தார். "சுற்றி வளைக்காதே கூத்தா. நிற்குமா, நிற்காதா? அதை மட்டும் எழுது."

கூத்தன் எழுத்தாணியை எடுத்து ஒரே வரி எழுதினான். 'இப்படியே விட்டால் நூறு வருஷம் நிற்கும்.'

ராஜாவுக்குப் பரம சந்தோஷம். கூத்தனோ நேரே போய்க் கொம்புக்காரர்கள் எட்டுப் பேரையும் தேடிப் பிடித்தான். தினமும் விடிந்ததும் திடலுக்குப் பின்னால் வந்து இருங்கள், பனி விலகியதும் என் வீட்டில் சாப்பாடு என்று சொல்லிவைத்தான். நான்கு நாளில் அவன் மனைவி பானையைத் தூக்கிப் போட்டு உடைக்காததுதான் பாக்கி.

ஐந்தாம் நாள் காலை ராணி செண்பகவல்லி பிறந்த வீட்டிலிருந்து வானத்தேரில் திரும்பிவந்தாள். மடியில் மூன்று மாதக் குழந்தை. ராஜா அந்த முகத்தை இன்னும் பார்த்ததே இல்லை. திடலில் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார். பனி அப்பிக் கிடந்தது. மேலே தேரின் இரைச்சல் கேட்டது.

'கிறீ...ச்' என்றது சக்கரம். அப்புறம் சத்தமே இல்லை. வெளிச்சம் பாறைச் சரிவைப் பார்த்தபடி அசையாமல் நின்றுவிட்டது. சுற்றும் வெளிச்சத்தைக் காணாமல் தேர் தடுமாறியது. இரைச்சல் மெல்ல மெல்லப் பாறைப் பக்கம் நகர்ந்தது. மந்திரி கீழே நின்று சக்கரத்தைப் பார்த்துச் சுற்று, சுற்று என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

கூத்தன் மேல்துண்டை எடுத்து வீசினான். எட்டுக் கொம்பும் ஒன்றாக முழங்கின. இரைச்சல் தயங்கியது, திரும்பியது, தேர் பத்திரமாகத் திடலில் வந்து இறங்கியது. ராஜா குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதார். அழுது முடித்ததும் கோபம் வந்தது.

"நூறு வருஷம் நிற்கும் என்று எழுதிக் கொடுத்தாயே கூத்தா?"

"நிற்கிறதே மகாராஜா, பாருங்கள், கொஞ்சமாவது அசைகிறதா? இப்படியே விட்டால் இன்னும் நூறு வருஷத்துக்கு இங்கேயே நிற்கும். சுற்றுமா என்று நீங்கள் கேட்கவே இல்லையே."

ராஜாவின் மீசை துடித்தது. கோபத்தில்தான் என்று எல்லோரும் பயந்தார்கள். பார்த்தால் சிரிப்பு. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தது. எண்ணெய்க்கு ஆள், தச்சன், கொம்புக்காரர்கள் எல்லாம் அங்கேயே உத்தரவாயிற்று. உனக்கு என்ன வேண்டும், கேள் என்றார் ராஜா.

"எனக்கு ஒன்றும் வேண்டாம் மகாராஜா. இனிமேல் பனி விழும் நாளில் எந்தத் தேர் பறந்தாலும் மந்திரியாரும் அதில் ஏறிக்கொள்ள வேண்டும். அது போதும்."

அப்படியே ஆகட்டும் என்றார் ராஜா. எண்ணெய் போட வைத்த ஆள் மறுநாள் காலையில் கோபுரத்தில் ஏறினால், அவனுக்கு அங்கே வேலையே இல்லை. பூவராகர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூன்றாவது தடவையாகச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.