‘ஐ மைட்’ சொன்ன மாப்பிள்ளை

மொட்டப்பாறை என்று ஓர் ஊர். மழை பொய்த்த வருஷங்களில்கூட அந்த ஊரில் மடத்தனத்துக்கு மட்டும் பஞ்சம் வந்ததே கிடையாது. சொன்ன சொல் தவறாதவர்கள் என்று அவர்களுக்கு ஒரு பெருமை வேறு. “நாளைக்கு வர்றேன்” என்று சொன்னவன் கால் ஒடிந்து கிடந்தாலும் கட்டிலோடு தூக்கிவந்து சேர்த்துவிடுவார்கள். அதனால் நாளையைப் பற்றி வாயைத் திறக்கவே அங்கே எல்லோருக்கும் நடுக்கம்.

தவசிமுத்துவுக்கு நடுக்கம் ஒரு படி அதிகம். பக்கத்து ஊர்ப் பொன்னுருவியை அவனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். பெண் பார்க்கப் போன அன்று அவள் தண்ணீர்ச் செம்பை நீட்டி ஒருமுறை சிரித்தாள். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் முகூர்த்த நாளில் தப்பாமல் வருவேன் என்று அவள் அப்பாவிடம் எப்படித் துணிந்து சொல்வது? வழியில் வண்டி குடை சாய்ந்தால் சொல் போய்விடுமே!

அந்த நேரம் பார்த்து ஊருக்கு இங்கிலீஷ் மாஸ்டர் ஒருவர் வந்தார். முப்பதே நாளில் பேச வைக்கிறேன் என்று வகுப்பு ஆரம்பித்தார். தவசிமுத்துவும், சித்தப்பா குருசாமியும், பெரியப்பா மகன் சன்னாசியும் முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள்.

“போறதா வேண்டாமான்னு இன்னும் முடிவு பண்ணலைன்னா ‘ஐ மைட் கோ’ன்னு சொல்லணும். போகலாம், போகாமலும் இருக்கலாம். ரெண்டுக்கும் இடம் இருக்கு” என்றார் மாஸ்டர்.

மூவரும் எழுந்து நின்று கும்பிட்டார்கள். இப்படி ஒரு பேச்சைக் கையில் வைத்துக்கொண்டுதான் வெள்ளைக்காரன் ஊரையெல்லாம் ஆண்டிருக்கிறான் என்று குருசாமிக்குப் புரிந்துவிட்டது.

மறுநாளே வினை ஆரம்பித்தது. சன்னாசி பெண்டாட்டியிடம் “மில்லுக்கு ஐ மைட் கோ” என்று சொல்லிவிட்டு நெல் மூட்டையோடு கிளம்பினான். பாதி வழியில், பாலத்தருகே மூட்டையை இறக்கிவைத்து நின்றுவிட்டான்.

“ஏண்ணே நிக்கிறே?” என்று கேட்டான், குருசாமியோடு அந்த வழியாக வந்த தவசிமுத்து.

“மில்லுக்குப் போயிட்டா, போகாமலும் இருக்கலாம்னு சொன்னது பொய்யாயிரும். வீட்டுக்குத் திரும்பினா, போகலாம்னு சொன்னது பொய்யாயிரும்.”

குருசாமி பாலத்துச் சுவரில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தார். “அப்ப நீ நிக்கிற இடம்தான்டா சரியான இடம்” என்று தீர்ப்புச் சொன்னார்.

சன்னாசி சாயங்காலம்வரை நின்றான். ஆடுகள் வந்து நெல்லைத் தின்றுவிட்டுப் போயின. குருசாமி மட்டும் சும்மா இருப்பாரா? குளித்தாலும் குளிக்கலாம் என்று அவரும் இங்கிலீஷில் சொல்லிவிட்டு, உடம்பில் இடது பக்கத்துக்கு மட்டும் சோப்புப் போட்டுக் குளித்தார். வலது பக்கத்து அழுக்கு அப்படியே இருந்தது. கொடுத்த சொல்லும் அப்படியே இருந்தது.

பொன்னுருவியின் அப்பா கோட்டைச்சாமி பத்திரிகையோடு வந்தார். “முகூர்த்தத்துக்கு நேரத்தோட வந்துருவீங்கல்ல, மாப்ளே?”

“ஐ மைட் கம், மாமா.”

கோட்டைச்சாமிக்கு இங்கிலீஷ் தெரியாது. மாப்பிள்ளை துரை மாதிரி பேசுகிறார் என்று பூரித்துப்போய்ப் பந்தலுக்கு இன்னும் நாலு வாழைமரம் கூடுதலாகச் சொன்னார், பாவம்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் என்று வந்தது இந்த மூன்று பேர்தான். மற்றவர்கள் வருவதாகச் சொல்லப் பயந்து ஊரிலேயே இருந்துகொண்டார்கள். பெண் வீட்டு வாசலில் மேளம் முழங்கியது. ஆரத்தி சுற்றினார்கள். தவசிமுத்து வலது காலை உள்ளே எடுத்து வைத்தான். குருசாமி அவனுடைய இடது காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

“எங்கடா முழுசாப் போறே? வராமலும் இருக்கலாம்னு சொல்லியிருக்கே!”

“சித்தப்பா, பொண்ணு உள்ளே இருக்கு.”

“இருக்கட்டும். சொல்லு முக்கியமா, பொண்ணு முக்கியமா?”

சன்னாசி குனிந்து வாசற்படியைச் சாண் போட்டு அளந்தான். “மூக்கு உள்ளே போயிருச்சு. கொஞ்சம் பின்னால சாயி, தம்பி.”

முகூர்த்தம் தவறுகிறது என்று ஐயர் உள்ளேயிருந்து கத்தினார். தவசிமுத்து அசையவில்லை. இத்தனைக்கும் ஆசை அவனுக்கு நெஞ்சு முட்ட இருந்தது. ஓடிப்போய் மணையில் உட்கார்ந்துவிடலாம் என்று தவித்தான். மொட்டப்பாறையில் பிறந்த மூளை அவனை விட்டால்தானே!

கோட்டைச்சாமி தலையில் அடித்துக்கொண்டார். எதைக் காட்டியாவது உள்ளே இழுத்துவிடலாம் என்று லட்டுத் தட்டை நீட்டினார். “இதையாவது சாப்பிடுவீங்களா?”

“வி மைட்” என்றார்கள் மூவரும், ஒரே குரலில்.

ஆளுக்கொரு லட்டு வாய்க்குள் போனது. விழுங்கினாலும் சொல் போகும், துப்பினாலும் சொல் போகும். கன்னம் உப்ப அப்படியே நின்றார்கள்.

அப்போது மாலையும் கழுத்துமாகப் பொன்னுருவியே வாசலுக்கு வந்தாள். கண் கலங்கியிருந்தது. குரல் கலங்கவில்லை.

“ஒரே ஒரு தடவைதான் கேப்பேன். என்னைக் கட்டிக்க இஷ்டமா, இல்லையா? வர்றேன்னு வாயைத் தொறந்து சொல்லுங்க, போதும்.”

பிறந்ததிலிருந்து முதல்முறையாகத் தவசிமுத்து ஒரு முடிவுக்கு வந்தான். வருகிறேன், இதோ வந்துவிட்டேன் என்று கத்த நினைத்தான். வாய் நிறைய லட்டு.

“ம்ம்ம்” என்றான்.

“இந்த லட்சணத்துக்கா நான் விடியறதுக்கு முன்னால எழுந்து பட்டுச்சேலை கட்டினேன்?” என்றாள் அவள். வாசற்படிக்கு உள்ளே இருந்த அவன் காலைத் தன் காலாலேயே வெளியே தள்ளினாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

மூவரும் உப்பிய கன்னத்தோடு ஊரைப் பார்த்து நடந்தார்கள். எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் மாலையைப் பார்த்துவிட்டு, “என்னப்பா, கல்யாணம் ஆயிருச்சா?” என்று கேட்டார்.

“மே பி” என்று சொல்ல மூன்று பேரும் வாயைத் திறந்தார்கள். மூன்று லட்டும் மண்ணில் விழுந்தன.

தவசிமுத்து நடுரோட்டில் உட்கார்ந்து பொன்னுருவியின் பெயரைச் சொல்லிக் குலுங்கிக் குலுங்கி அழுதான். குருசாமிக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது. “அழாதேடா. லட்டைத் துப்பிட்டோம்தான். நம்ம ஊர்ல யார்கிட்டயும் சொல்ல வேணாம்.”

சன்னாசி மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தவன் சட்டென்று துள்ளினான். “சித்தப்பா! பாதியைத் தின்னுட்டுப் பாதியை மண்ணுலயே விட்டுட்டா?”

குருசாமி திகைத்துப்போய் அவனைக் கட்டிக்கொண்டார். லட்டுகளை எடுத்து, மண்ணை ஊதிவிட்டு, சரிபாதியாகப் பிட்டார். தவசிமுத்துவும் தேம்பிக்கொண்டே தன் பாதியைத் தின்றான். தின்று முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“சித்தப்பா, சொல்லு நின்னுருச்சுல்ல?”